பழைய ஒரு அங்குல வரைபடத்தை இன்றைய சாட்டிலைட் படத்தின் மேல் உட்கார வைப்பது எப்படி?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குத் தெற்கே, எங்கள் ஊரில் ஒரு ஏரி இருந்ததாம். கரை நெடுகப் பனை, அதன் மேலேயே வண்டித்தடம் என்று அப்பாரு சொல்வார். இன்று அந்தப் பக்கம் முழுக்கத் தென்னந்தோப்பு, ஏரி இருந்த சுவடே இல்லை. அவர் சொன்னது நிஜமா, எந்தத் தோப்புக்குள் அது போனது என்று பார்க்கத்தான் இதில் இறங்கினேன். மூன்று வாரம் ஆனது. நீங்கள் ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளை நிறுவுவது, சாட்டிலைட் படத்தை அதில் சேர்ப்பது எல்லாம் யூட்யூபில் கொட்டிக் கிடக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

1. உங்கள் ஊர் எந்தத் தாளில்?

இந்திய நில அளவைத் துறையின் பழைய ‘ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல்’ தாள்கள்தான் நமக்கு வேண்டியவை. தாள் எண்ணே முகவரி. 58 என்றால் வடக்கு 8 முதல் 12 பாகை, கிழக்கு 76 முதல் 80 பாகை. அதை 16 எழுத்துகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு பாகை. அந்த ஒரு பாகையை மறுபடியும் 16 ஆக வெட்டினால் 15 நிமிடத்துக்கு 15 நிமிடம், அதுதான் ஒரு தாள். எண்கள் குறுக்கே ஓடாது. மேல் இடது மூலையில் தொடங்கிக் கீழே இறங்கி, அடுத்த வரிசைக்கு மேலே ஏறும். எங்கள் ஊர் 58 பி/14, அதாவது வடக்கு 10°30′–10°45′, கிழக்கு 76°45′–77°00′. கொழிஞ்சாம்பாறை இதன் மேல் விளிம்பை ஒட்டி இருப்பதால், வடக்கே தேடுபவர்களுக்கு 13-ம் தாளும் வேண்டும்.

எனக்கு ஸ்கேன் கிடைத்தது நில அளவையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமா மூலம். அந்த வழி இல்லாதவர்கள், டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் 1950-களின் அமெரிக்க ராணுவ வரைபடங்களில் தொடங்கலாம். அளவு 1:2,50,000. ஊர்ப்பெயர் கிடைக்கும், ஏரிக்கரை கிடைக்காது. பெயரைத் தேடும்போது ‘ழ’ (zh) இருந்த இடத்தில் வெறும் ‘ல’ (l) போட்டும் பாருங்கள்.

2. தாளின் வயது

அடியில் அளந்த ஆண்டு, அச்சிட்ட ஆண்டு இரண்டும் இருக்கும். அளந்த ஆண்டைத்தான் நம்ப வேண்டும். இந்தத் தாளுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பொள்ளாச்சி–பாலக்காடு ரயில் பாதை திறந்தது 1932-ல். மீனாட்சிபுரம் வழியாகப் பாதை இல்லையென்றால் அளவை அதற்கு முந்தையது. எல்லைக் கோட்டையும் பாருங்கள். அன்று எங்கள் சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானம், நடுவில் மலபார் மாவட்டம் புகுந்து அதைத் தனித் தீவாக்கியிருந்தது. கிழக்கே கோயம்புத்தூர் மாவட்டம். நம் வாய்க்கால் வரப்பெல்லாம் அப்போது சமஸ்தான எல்லை!

3. மூலைகளைக் கட்டுவது (நான் விழுந்த இடம்)

ஜியோரெஃபரன்சரில் (படத்தைப் பூமியில் அதன் இடத்தில் பொருத்தும் க்யூஜிஐஎஸ் கருவி) படத்தைத் திறந்து, மூலையில் கிளிக் செய்து, பாகைகளைக் கொடுக்க வேண்டும். எக்ஸ் என்றால் கிழக்கு, ஒய் என்றால் வடக்கு. இதை மாற்றிப் போட்டு ஊரை ஆர்க்டிக் பக்கம் அனுப்பியவன் நான். நாலு மூலை மட்டும் போதாது, ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாகக் கோடுகள் வெட்டும் 16 புள்ளிகளையும் குறியுங்கள். சில தாள்களில் கெஜக் கணக்கில் சதுரக் கட்டங்களும் இருக்கும், அவற்றைத் தொடாதீர்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் ரயில் பாதை தென்கிழக்கே சுமார் 200 மீட்டர் தள்ளி நின்றது. ஸ்கேன் கோணல் என்று நினைத்து மறுபடி ஸ்கேன் எடுத்தேன், புள்ளிகளை அழித்து அழித்துக் குறித்தேன். அதே 200 மீட்டர்.

தப்பு தாளில் இல்லை. அந்தப் பாகைகள் எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற பழைய பூமி வடிவக் கணக்கின் மேல், மத்தியப் பிரதேசத்துக் கல்யாண்பூரை மூலமாக வைத்துக் கணக்கிட்டவை. நம் போன் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற இன்றைய கணக்கில். எண் ஒன்று, இடம் வேறு. தாளில் அது வெறும் 3 மில்லிமீட்டர்தான். தரையில் அடுத்தவர் தோப்பு.

ஆகவே ‘டார்கெட்’ என்ற இடத்தில் ஈபிஎஸ்ஜி (இந்தக் கணக்குகளுக்கான எண் பட்டியல்) 4326, அதாவது டபிள்யூஜிஎஸ் 84 போடாதீர்கள், 4146, அதாவது கல்யாண்பூர் போடுங்கள். பிறகு மாற்றுக் கணக்கு எது என்று க்யூஜிஐஎஸ் கேட்டால், துல்லியம் மீட்டரில் எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘பால்பார்க்’ (தோராயம்) என்பதை அழுத்தினால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

உருமாற்ற வகையில் ‘பாலினோமியல் 1’ (தாள் முழுவதற்கும் ஒரே நேர்க்கணக்கு) போதும். ‘தின் பிளேட் ஸ்ப்ளைன்’ (ரப்பர் போல இழுத்து ஒவ்வொரு புள்ளியிலும் பொருத்துவது) எனக்குப் பிடிக்காது. எல்லாப் புள்ளியிலும் பிழை பூஜ்யம் என்று காட்டும், தவறாகக் குறித்த புள்ளியையும் மூடி மறைத்துவிடும்.

4. சரிபார்ப்பு

ரயில் பாதை, ஆறு கூடும் இடம், பழைய கோயில் என்று மூன்று இடமாவது பாருங்கள். குளத்தை வைத்துச் சரிபார்க்காதீர்கள், குளம் சுருங்கும். ஒத்து வந்ததும் ஒளிபுகும் அளவைப் பாதியாக்கி, க்யூஃபீல்டு என்ற போன் செயலியில் ஏற்றிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

பின்சேர்க்கை: ராஸ்டர் மெனுவில் ஜியோரெஃபரன்சரே இல்லை என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். 3.26-லிருந்து அது லேயர் மெனுவுக்குப் போய்விட்டது.

இன்னொன்று: 19-ம் நூற்றாண்டு அட்லஸ் தாளை வைத்திருக்கும் தோழிக்கு ஊர் நாலு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறதாம். அந்தக் காலத்தில் மெட்ராஸ் வானாய்வகத்தின் தீர்க்கரேகையையே சுமார் இரண்டரை நிமிடம் கூடுதலாக வைத்திருந்தார்கள். ஓரத்தில் திருத்தக் குறிப்பு இருக்கும். கிழக்குப் பாகையில் அதைக் கழித்துவிட்டு மறுபடி கட்டிப் பாருங்கள், அம்மிணி.

ஏரி? இருந்தது. தாளில் கரை மேல் பனைக் குறிகள் கூட இருக்கின்றன. போனை வைத்துக்கொண்டு போனேன், தோப்புக்குள் ஒரு இடத்தில் நிலம் இடுப்பளவு மேடாக வளைந்து போகிறது. அதன் மேல் மூன்று பனை நிற்கிறது.