டிரா கை வந்தா பெட்டா, செக்கா? கச்சாங் வெச்சே கத்துக்கலாம் வாங்க

சுங்கை சிப்புட் பக்கம் தீபாவளிக்கு சீட்டு உக்காந்தா முன்னெல்லாம் ரம்மிதான். இப்ப பையனுங்க போன்ல பாத்துட்டு வந்து டெக்சஸ் ஹோல்டெம்னு (கையில ரெண்டு, மேசையில எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு வர்ற போக்கர்) உக்காந்துக்குறானுங்க, ரூல் தெரியுது, எது பெரிய கை எது சின்ன கைன்னும் தெரியுது, ஆனா நாலு ஹார்ட் சேர்ந்து அஞ்சாவதுக்காகக் காத்திருக்கற நேரத்துல, அதாவது டிரா கையில, என்ன பண்றதுன்னு மட்டும் முழிக்கிறானுங்க. ஒருத்தன் டிரா வந்தா எப்பவும் பெட் (பந்தயம் வைக்கறது), இன்னொருத்தன் எப்பவும் செக் (ஒண்ணும் வைக்காம விடறது). ரெண்டுமே தப்பு லா.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. காசு வெச்சு ஆடாதீங்க. மலேசியாவுல 1953ஆம் வருஷத்து சூதாட்டச் சட்டம் இன்னும் இருக்கு, வீட்டுக்குள்ள ஆடுனாலும் போலீஸ் வந்தா கதை கந்தலாயிடும். ஈப்போ புந்தோங் கச்சாங் பூத்தே ஒரு பாக்கெட் வாங்கி கடலைய மட்டும் தனியா பொறுக்கி ஆளுக்கு இருநூறு குடுத்துடுங்க, கீழ நான் சொல்ற கணக்கு பூரா கடலைக் கணக்குதான். ஆட்டம் முடியற வரைக்கும் யாரும் திங்காம பாத்துக்கறதுதான் பெரிய வேலை.

படி 1: எத்தனை சீட்டு உதவும்னு எண்ணுங்க

கையில ரெண்டு ஹார்ட், மேசையில ரெண்டு ஹார்ட். மொத்தம் 13, நாலு கண்ணுக்குத் தெரியுது, மிச்சம் 9. இதைத்தான் அவுட்ஸ்னு சொல்றாங்க. வரிசைக்கு (அடுத்தடுத்த அஞ்சு நம்பர், ஸ்ட்ரெயிட்) ரெண்டு பக்கமும் திறந்திருந்தா 8, நடுவுல ஒரு ஓட்டை மட்டும்னா 4. ஃப்ளாப்ல (மேசையில முதல்ல விழற மூணு சீட்டு) இருந்து கடைசி சீட்டு வரைக்கும் பாக்க முடியும்னா அவுட்ஸை நாலால பெருக்குங்க, ஒரே ஒரு சீட்டுதான் பாக்கின்னா ரெண்டால பெருக்குங்க, ஏறக்குறைய சதவீதம் வந்துடும். 9 அவுட்ஸுக்கு சரியான கணக்கு ரெண்டு சீட்டுக்கு 35, ஒரு சீட்டுக்கு 19 சொச்சம். மனக்கணக்குக்கு இது போதும்.

எண்ணுனதை அப்படியே நம்பிடாதீங்க. உங்க கையில கிளப் ஜாக், கிளப் 10, மேசையில ஹார்ட் 9, ஹார்ட் 8, ஸ்பேட் 3ன்னு வைங்க. குயின் வந்தாலும் 7 வந்தாலும் வரிசை, 8 அவுட்ஸ். ஆனா ஹார்ட் குயினும் ஹார்ட் 7ம் வந்தா மேசையில மூணு ஹார்ட் ஆயிடும், எவன் கையிலயாவது ரெண்டு ஹார்ட் இருந்தா உங்க வரிசை குப்பை. அதனால சுத்தமான அவுட்ஸ் 6தான்னு எடுத்துக்கறது நல்லது.

படி 2: எதுத்தாப்புல யாரு?

இதுதான் முக்கியமான படி, டிராவை விட ஆளைப் பாருங்க. ரெண்டு பேர் எல்லா மேசையிலயும் இருப்பாங்க. ஒருத்தர் ரிட்டயரான கிராணி (குமாஸ்தா), நல்ல ஜோடி இல்லன்னா பெட் வந்தவுடனே கண்ணாடிய தூக்கி நெத்தியில வெச்சுட்டு சீட்டை கவுத்துடுவாரு. இன்னொருத்தர் லோரி ஓட்டுற அண்ணன், "என்னதான்டா வெச்சிருக்க காட்டு"ன்னு எதுக்கும் கால் பண்ணுவாரு (வெச்ச அளவுக்கு அவரும் வெச்சு உள்ள இருப்பாரு). ஒரே கை, ஒரே மேசை, ஆனா கிராணிக்கு ஒரு முடிவு, லோரி அண்ணனுக்கு வேற முடிவு. ஏன்னு கணக்குப் போட்டே பாத்துடலாம்.

உங்க கையில ஹார்ட் 9, ஹார்ட் 8. மேசையில ஹார்ட் கிங், கிளப் 6, ஹார்ட் 2, டைமண்ட் 4. இன்னும் ஒரே ஒரு சீட்டுதான் வரணும். நடுவுல 60 கடலை, நீங்க 40 பெட் வைக்கலாமான்னு யோசிக்கிறீங்க. ஹார்ட் வர வாய்ப்பு 46க்கு 9, சும்மா அஞ்சுக்கு ஒண்ணுன்னு வெச்சுக்குவோம்.

அவரு கால் பண்ணிட்டா: அஞ்சுல ஒரு தடவை 100 கடலை வரும், அதாவது நடுவுல இருந்த 60, அவரோட 40. நாலு தடவை உங்க 40 போகும். கூட்டிக் கழிச்சா ஒவ்வொரு தடவைக்கும் சராசரியா 12 கடலை நஷ்டம்.

அவரு ஃபோல்ட் பண்ணிட்டா (சீட்டை கவுத்துட்டா): 60ம் உங்களுக்கு, ஹார்ட்டே வர வேணாம்.

செக் பண்ணி அவரும் செக் பண்ணிட்டா: ஓசியில ஒரு சீட்டு, அஞ்சுல ஒரு தடவை 60, சராசரி 12 லாபம்.

இப்ப லோரி அண்ணனை வெச்சுப் பாருங்க, ஃபோல்டே பண்ண மாட்டாரு, பெட் வெச்சா 12 நஷ்டம், செக் பண்ணா 12 லாபம், 24 கடலை வித்தியாசம். கிராணி ரெண்டுக்கு ஒரு தடவை ஃபோல்ட் பண்ணுவாருன்னா பாதி நேரம் 60 வருது, பாதி நேரம் 12 போகுது, சராசரி 24 லாபம், செக்கை விட டபுள். எந்த இடத்துல ரெண்டும் சமம்னு பாத்தா மூணுக்கு ஒரு தடவை அவரு ஃபோல்ட் பண்ணணும். அதுக்கு மேல ஃபோல்ட் பண்ணா பெட், அதுக்குக் கீழன்னா செக். கையில ஒண்ணுமே இல்லாம கோசோங்கா இதே 40 வெச்சு ப்ளஃப் பண்ணா (நல்ல கை மாதிரி ஏமாத்துனா) அஞ்சுக்கு ரெண்டு தடவை அவரு ஓடணும், அப்பதான் கைக்கடி இருக்காது. டிரா இருந்தா ஆறுக்கு ஒரு தடவை ஓடுனாலே கைக்கடி இல்ல. டிராவோட பெட் வைக்கறதுல இருக்கற பலமே இதுதான்.

செக் பண்ணா அவரும் செக் பண்ணுவாருன்னு எழுதிக் குடுத்திருக்கா என்ன? அவரு 40 வெச்சா நீங்க 40 குடுத்து 100ஐ புடிக்கணும், அதுக்கு 28 சதவீதத்துக்கு மேல வேணும், உங்ககிட்ட 20 கூட முழுசா இல்ல, கடைசியில அவருகிட்ட இருந்து நல்லா புடுங்க முடியும்னாதான் இழுத்துப் பாக்கலாம், இல்ல ஃபோல்ட் பண்ணிடுங்க. அவரு 20தான் வெச்சா கால் பண்ணுங்க, அதுவும் லோரி அண்ணன்னா கண்ணை மூடிட்டு பண்ணுங்க, ஹார்ட் வந்தப்பறம் நீங்க என்ன வெச்சாலும் குடுப்பாரு.

படி 3: எத்தனை பேர் உள்ள இருக்காங்க?

கிராணி மாதிரி மூணு பேர் எதுத்தாப்புல இருந்து ஒவ்வொருத்தரும் பாதி நேரம் ஃபோல்ட் பண்ணாலும் மூணு பேரும் ஒண்ணா ஓடறது எட்டுக்கு ஒரு தடவைதான். ஆளு கூட இருந்தா செக்.

படி 4: திருப்பி ரெய்ஸ் (நீங்க வெச்சதுக்கு மேல கூட்டி வைக்கறது) வந்தா என்ன ஆகும்?

புதுசா ஆடறவங்க இதை யோசிக்கறதே இல்ல. பெட் வெச்சதும் அவரு மொத்தக் கடலையும் தள்ளிட்டா உங்க டிராவை வெச்சுக்க முடியுமா?

கையில ஹார்ட் ஜாக், ஹார்ட் 10, மேசையில ஹார்ட் 9, ஹார்ட் 2, கிளப் 8. ஹார்ட்டுக்கு 9 அவுட்ஸ், வரிசைக்கு 8, ரெண்டுலயும் வர்ற ரெண்டைக் கழிச்சா 15 அவுட்ஸ், ரெண்டு சீட்டுல 54 சதவீதம். வெறும் ஜோடிக்கு நீங்கதான் முன்னாடி, தள்ளட்டும், நீங்களும் தள்ளுங்க. தைரியமா பெட்.

மேசையில 8, 7, 2, ஹார்ட்டும் இல்ல ஒண்ணும் இல்ல, உங்க கையில ஜாக், 10. ஒரே ஒரு 9 வேணும், 4 அவுட்ஸ். இதுவும் கிராணிகிட்ட பெட் வைக்க நல்ல கைதான், ரெய்ஸ் வந்தா வருத்தமே இல்லாம தூக்கிப் போடலாம்.

சிக்கல் நடுவுல இருக்கறதுக்குத்தான். ஹார்ட் ஏஸ், ஹார்ட் 4 வெச்சிருக்கீங்க, மேசையில ரெண்டு ஹார்ட், நீங்கதான் கடைசியா பேசுற ஆளு, எல்லாரும் செக் பண்ணிட்டாங்க. இங்க பெட் வெச்சு பெரிய ரெய்ஸ் வாங்குனா நல்ல டிராவை பாதியில விட்டுட்டுப் போகணும், அதோட ஏஸ் மட்டுமே சில நேரம் ஜெயிக்கும். கடலை நிறைய மிச்சம் இருந்தா இதுல நான் பாதிக்கு மேல செக் பண்ணிடுவேன். இதை ஒத்துக்காதவங்களும் இருக்காங்க, கிராணி மாதிரி ஆளு முன்னாடின்னா அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

படி 5: கடைசி சீட்டும் வரலன்னா

இப்ப டிரான்னு ஒண்ணு இல்ல, வெறும் ப்ளஃப்தான். நடுவுல இருக்கறதுல பாதி வெச்சா மூணுக்கு ஒரு தடவை ஓடணும், முழுசா வெச்சா ரெண்டுக்கு ஒரு தடவை. கிராணின்னா முயற்சி பண்ணிப் பாக்கலாம். லோரி அண்ணன்னா செக் பண்ணிட்டு சீட்டைக் காட்டிட்டு அடுத்த ஆட்டத்துக்குக் கட்டைக் கலைங்க.