பி.ஜி.யில் (மருத்துவ மேற்படிப்பில்) மயக்கவியல் எடுக்கலாமா? முதலில் தலைமாட்டில் நின்று பாருங்கள்

ஹவுஸ் சர்ஜனாக (எம்.பி.பி.எஸ். முடிவில் வரும் இன்டர்னாக) இருந்தபோது கேட்டிருந்தால் ஜெனரல் மெடிசின் என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது மயக்கவியல் (அனஸ்தீசியா) எம்.டி. இரண்டாம் வருஷம். மனசு மாறியது ஒரு ராத்திரி டூட்டியில். சிசேரியனுக்கு ஸ்பைனல் (உடம்பின் கீழ்ப்பகுதி மரத்துப்போக முதுகில் போடும் ஊசி) போட்டுப் படுக்க வைத்த பெண், "டாக்டரம்மா, குமட்டுது" என்றாள். மானிட்டர் காட்டுவதற்குள்ளேயே தலைமாட்டில் நின்ற பி.ஜி. அக்காவுக்குப் பிரஷர் இறங்குவது தெரிந்துவிட்டது. மேஜையை இடப்பக்கம் சாய்த்து மருந்து போட்டார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண், "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று சாவகாசமாகக் கேட்டாள்.

ஆனால் இப்படி ஒரு ராத்திரியை நம்பி முடிவெடுக்காதீர்கள். இன்டர்ன்ஷிப்பில் மயக்கவியலுக்கு இரண்டு வாரம்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு லைப்ரரிக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம்; நீங்கள் ஓடாதீர்கள். காலை முதல் கேஸுக்கு ஒரு மணி நேரம் முன்பே போங்கள். ஆக்சிஜன், சக்‌ஷன், லாரிங்கோஸ்கோப் (தொண்டைக்குள் பார்க்கும் கருவி) பல்பு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதையும், சிரிஞ்சுகளில் மருந்துப் பெயர் ஒட்டுவதையும் கூடவே நின்று செய்யுங்கள். அப்புறம் மூன்று மணி நேர ஆபரேஷனின் நடுப்பகுதி, ஒன்றுமே நடக்காத நேரம், அங்கே உட்கார்ந்து பாருங்கள். எரிச்சல் வந்தால் இந்தப் பிராஞ்ச் உங்களுக்கு வேண்டாம். இன்னொன்று: ஸ்வீட் பாக்ஸ் எப்போதும் சர்ஜனுக்குத்தான் போகும். அது உறுத்துமா என்பதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி.க்குப் படிப்பது பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் சொல்வது ஒன்றுதான். 200 கேள்விகள், சரிக்கு 4, தவறுக்கு 1 குறையும். நான் எழுதிய 2024-இலிருந்து 40 கேள்விக்கு 42 நிமிடம் என்று ஐந்து பகுதி. ஒரு பகுதி முடிந்தால் திரும்பிப் போக முடியாது. "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிவைக்கும் பழக்கத்தால் என் முதல் மாக் டெஸ்டில் ஆறு கேள்வி அப்படியே போயிற்று. வீட்டிலும் 42 நிமிட அலாரம் வைத்தே பழகுங்கள்.

கவுன்சலிங்கில் வேண்டிய கல்லூரி, பிராஞ்ச்களை வரிசையாகக் கொடுக்கும் சாய்ஸ் ஃபில்லிங்கில் 'கிடைக்குமா' என்று கணக்குப் போட்டுப் பிடித்த இடத்தைக் கீழே தள்ளாதீர்கள். பட்டியலை மேலிருந்துதான் பார்ப்பார்கள். உங்கள் ரேங்குக்கு முதலில் வருவது ஒதுக்கப்படும், அதற்குக் கீழே உள்ளதைப் பார்க்கவே மாட்டார்கள். அவசரமில்லை என்றால் தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரசுப் பணியில் சேர்ந்து, அரசுக் கல்லூரிகளின் மாநில இடங்களில் பாதியை வைத்திருக்கும் சர்வீஸ் கோட்டாவில் வரலாம்.

பட்டியலை லாக் செய்வதற்கு முன் அந்தந்தக் கல்லூரியின் இரண்டாம் வருஷ பி.ஜி. யாருக்காவது போன் போடுங்கள். டிபார்ட்மென்ட் எப்படி என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்றுதான் வரும். போன மாசம் எத்தனை நைட், முதல் ஸ்பைனலைக் கையில் கொடுத்தது எந்த மாசம், கஷ்டமான ஏர்வே (மூச்சுக்குழாயில் டியூப் போடுவது சிரமமான கேஸ்) வந்தால் சீனியர் எத்தனை நிமிடத்தில் வருவார், இந்த மூன்றைக் கேளுங்கள்.