நைல் நதியில் கப்பலேறி எகிப்துக் கோயில்களைப் பார்ப்பது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

நைல் கப்பல் பயணம் என்று எல்லோரும் சொல்வது லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையே உள்ள 200 கிலோமீட்டர் சொச்ச ஆற்றுவழியைத்தான். பிரமிடுகள் இதில் வராது. அவை கெய்ரோ பக்கம். கெய்ரோவிலிருந்து லக்சருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். இரவு ரயிலும் உண்டு.

படி 1: திசையை முடிவு செய்யுங்கள்

லக்சரில் ஏறி அஸ்வானில் இறங்குங்கள். பொதுவாக இது 4 இரவு. எதிர்த்திசையில் 3 இரவு. ஒரு நாள் கூடக் கிடைக்கிறது என்பது மட்டும் காரணமில்லை. லக்சரில் பார்ப்பவை பெரும்பாலும் 3000 வருடங்களுக்கு மேல் பழையவை. தெற்கே போகப் போக, எத்ஃபு, கோம் ஓம்போ, ஃபிலே என்று காலம் நம்மை நோக்கி வருகிறது. எதிர்த்திசையில் போனால் கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

நைல் வடக்கு நோக்கி ஓடுகிறது. காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. அதனால் பழைய எகிப்தியர்கள் 'தெற்கே போனான்' என்று எழுத, பாய் விரித்த படகை வரைந்தார்கள். 'வடக்கே போனான்' என்றால் பாய் இறக்கிய படகு. கோயில் சுவர்களில் இந்த இரண்டையும் தேடிப் பாருங்கள், எழுத்து தெரியாதவருக்கும் பிடிபடும்.

படி 2: மாதமும் படகும்

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை நல்லது. கோடையில் அஸ்வானில் 40 டிகிரியைத் தாண்டும். மதியம் கல்லில் கை வைக்க முடியாது.

பெரிய கப்பல்களில் மேல்தளத்தில் நீச்சல் குளம், மூன்று வேளை பஃபே எல்லாம் இருக்கும். ஆனால் கரையில் நான்கைந்து கப்பல்களை ஒட்டி ஒட்டி நிறுத்துவார்கள். திரையை விலக்கினால் நைலுக்குப் பதில் பக்கத்துக் கப்பலின் ஜன்னல் தெரியும். அமைதி வேண்டுமென்றால் தஹாபியா எனும் பாய்மரப் படகு இருக்கிறது. அறைகள் குறைவு, காசு கூடுதல். முதல் பயணத்துக்குப் பெரிய கப்பலே போதும் என்பது என் கருத்து.

பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: கோயில் நுழைவுச்சீட்டு சேர்த்தியா? வழிகாட்டி எந்த மொழியில் பேசுவார்? கப்பல் ஊழியர்களுக்கான டிப்ஸ் தனியா? 'எல்லாம் சேர்த்து' என்று வாய்வார்த்தையாகச் சொன்ன முகவரை நம்பிப் போய், ஒவ்வொரு கோயில் வாசலிலும் தனியாகக் காசு கட்டியிருக்கிறேன். சீட்டு கொடுக்குமிடங்களில் இப்போது பெரும்பாலும் கார்டுதான் வாங்குகிறார்கள். பக்ஷீஷ் எனும் சின்ன அன்பளிப்புக்கு மட்டும் சில்லறை நோட்டுகள் வேண்டும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். ஃபூல் என்ற, மொச்சை போன்ற பயறின் மசியல், நம் வடையை நினைவூட்டும் தாமியா, சோறு, காய்கறி எல்லாம் கிடைக்கும்.

படி 3: லக்சரில் இரண்டு கரைகள்

கிழக்குக் கரையில் கர்னாக், லக்சர் கோயில்கள். கர்னாக்கின் பெரிய மண்டபத்தில் 134 தூண்கள். விடிந்ததும் போய்விடுங்கள்; எட்டரைக்கு மேல் பேருந்துகள் வந்து குவிந்துவிடும்.

மேற்குக் கரையில் அரசர் பள்ளத்தாக்கு. சாதாரணச் சீட்டில் மூன்று கல்லறைகள் பார்க்கலாம், துட்டன்காமுனுடையதற்குத் தனிச்சீட்டு. 1922-இல் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த அது மிகச் சிறியது. ஒரே ஒரு தனிச்சீட்டு வாங்குவதானால் ஆறாம் ராம்செஸின் கல்லறைக்கு வாங்குங்கள். உள்ளறை விதானத்தில் வான்தேவி நூத் நீளமாக உடலை விரித்திருக்கிறாள். மாலையில் சூரியனை விழுங்கி, இரவு முழுக்க உடலுக்குள் சுமந்து, காலையில் பெற்றெடுக்கிறாள். கழுத்து வலிக்கும்வரை நிமிர்ந்து பாருங்கள்.

படி 4: எஸ்னா மதகு

வழியில் ஆற்றைத் தடுத்து எஸ்னாவில், கப்பலை மேல்மட்ட நீருக்கு ஏற்றிவிடும் ஒரு மதகு. கப்பல்கள் வரிசையில் காத்திருக்கும்போது சின்னப் படகுகளில் வியாபாரிகள் வந்து, மேசைவிரிப்பு, கலாபியா அங்கி எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுருட்டி மேல்தளத்துக்கு வீசுவார்கள். பிடிக்கவில்லையென்றால் திருப்பி வீசலாம். வாங்கினால் காசை அதே பையில் போட்டு வீச வேண்டும். பிறகு கப்பல் மதகுக்குள் நுழையும், பின்னால் கதவு மூடும், தண்ணீர் ஏற ஏற ஈரச் சுவர் கீழே இறங்குவது போலத் தெரியும். நடுராத்திரியானாலும் எழுந்து பாருங்கள்.

படி 5: எத்ஃபு

இங்கே நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். கி.மு. 237-இல் தொடங்கி கி.மு. 57-இல் முடிந்த, பருந்துத் தேவன் ஹோரஸின் கோயில் இது. நூற்றாண்டுகளாக மணலில் புதைந்து கிடந்ததால்தான் இவ்வளவு முழுமையாக நிற்கிறது. 36 மீட்டர் கோபுரவாசலைத் தாண்டி உள்ளே போகப் போக விதானம் தாழும், வெளிச்சம் குறையும். நம் கோயில்களில் கருவறையை நெருங்கும்போது வருமே, அதே உணர்வு. கருவறையில் பளபளக்கும் ஒற்றைக் கல் மாடம். முன்னால் சாமியைச் சுமக்கும் படகின் மாதிரி. ஆண்டுக்கொரு முறை லக்சருக்கு வடக்கே உள்ள தெந்தேராவிலிருந்து ஹாத்தோர் தேவி இந்த நைலில் படகேறி ஹோரஸைப் பார்க்க வருவாள். லக்சரிலிருந்து நீங்கள் கப்பலில் வந்த வழி முழுக்க அவள் வந்த வழிதான்.

வெளியே வந்து சுற்றுமதிலின் மேற்கு உட்புறம் பாருங்கள். ஹோரஸ் ஈட்டியால் குத்தும் நீர்யானை, நாய்க்குட்டி அளவுகூட இல்லை. அது பகைவன் சேத். கல்லில்கூட அவனுக்குத் தீங்கு செய்யும் பலம் வந்துவிடக்கூடாது என்று அவ்வளவு சிறியதாகச் செதுக்கினார்கள்.

படி 6: கோம் ஓம்போ, ஃபிலே

கோம் ஓம்போவில் கப்பலிலிருந்து நடந்தே போகலாம். வலப்பக்கம் முதலைத் தேவன் சோபெக், இடப்பக்கம் மூத்த ஹோரஸ். இருவருக்கும் தனித்தனிக் கருவறை. வெள்ளத்தின் உயரத்தை அளந்த கிணறும், பக்கத்து அருங்காட்சியகத்தில் பதப்படுத்திய முதலைகளும் உண்டு.

அஸ்வானில் இறங்கிய பிறகு, இரண்டாம் ராம்செஸின் பாறைக்கோயில்கள் இருக்கும் அபு சிம்பெல் போக ஆசைப்பட்டால் தனியாக ஒரு நாள் வையுங்கள். ஒருவழியே 280 கிலோமீட்டர். ஆனால் ஃபிலேயை விட்டுவிடாதீர்கள். அணைகள் வந்தபின் நீரில் மூழ்கிய ஐசிஸ் தேவியின் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து, 1980-க்குள் அகில்கியா தீவில் மறுபடி கட்டினார்கள். மோட்டார் படகில்தான் போக வேண்டும்; ஏறும் முன்பே போக வர, காத்திருக்க என்று மொத்தமாகக் கூலி பேசிக்கொள்ளுங்கள்.

அங்கே ரோமப் பேரரசர் பெயரிலான ஹேட்ரியன் வாசல் எங்கே என்று கேட்டுப் போங்கள். கி.பி. 394 ஆகஸ்ட் 24-ஆம் தேதியிட்ட ஒரு கல்வெட்டு அதில் இருக்கிறது. ஒரு பூசாரி மாந்தூலிஸ் கடவுளின் உருவத்தோடு தன் பெயரையும் பொறித்திருக்கிறார். தேதி தெரிந்த சித்திர எழுத்துக் கல்வெட்டுகளில் கடைசி இதுதான். எழுத்து ஆழமில்லாமல் கோணல்மாணலாக இருக்கும். பக்கவாட்டில் வெயில் விழும் நேரத்தில் போனால்தான் கண்ணுக்குப் படும்.