கூகுள் ட்ரெண்ட்ஸில் பலாப்பழத்தைத் தேடும்போது

எந்தச் சொல்லை எங்கே எவ்வளவு தேடுகிறார்கள் என்று காட்டும் தளமான கூகுள் ட்ரெண்ட்ஸில் 'பலாப்பழம்' என்று அடித்தவுடன் எண்டர் தட்டாதீர்கள். கீழே விரியும் பட்டியலில் 'தலைப்பு' என்ற வகையில் பலா வருகிறதா என்று பார்த்து, அதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சொல்லாகத் தேடினால் அந்த எழுத்தில் தட்டியவர்கள் மட்டுமே கணக்கில் வருவார்கள். நம்மூரில் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில்தானே தட்டுகிறார்கள்! தலைப்பு எல்லா மொழித் தேடலையும் சேர்த்துக்கொள்ளும். தலைப்பு இல்லையென்றால் பலாப்பழம், palapazham, jackfruit என்ற மூன்று வகை எழுத்தையும் கூட்டல் குறியிட்டு ஒரே பெட்டியில் போடுங்கள்.

பண்ருட்டிப் பலா விற்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். பகுதிவாரிக் கணக்கில் புதுச்சேரிக்கு 100, தமிழ்நாட்டுக்கு 40 என்று காட்டினால் புதுச்சேரியில் அதிகம் பேர் தேடினார்கள் என்று பொருளல்ல. அந்தந்தப் பகுதியின் மொத்தத் தேடலில் அதன் பங்கை, மிக அதிகப் பங்குள்ள பகுதிக்கு 100 என்று வைத்து ஒப்பிட்டுச் சொல்வதே அந்த எண். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி மக்கள்தொகை சுமார் 12.5 லட்சம், தமிழ்நாடு 7.2 கோடி. அதிலும் புதுச்சேரி என்றால் மலையாளம் பேசும் மாஹேயும் தெலுங்கு பேசும் ஏனாமும் சேர்ந்ததுதான். பண்ருட்டி இருக்கும் கடலூர் மாவட்டமோ தமிழ்நாட்டுக் கணக்கில் போய்விடும்.

தேடல் மிகக் குறைவான சொல்லுக்கு இந்த வழி உதவாது. அங்கே 0 என்று வந்தாலும் யாருமே தேடவில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.