தொட்டி மாற்றிய ஆர்க்கிட்டுக்கு எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும்?

ஆர்க்கிட் செடியைப் புதுத் தொட்டிக்கு மாற்றிய கையோடு நிறையத் தண்ணீர் ஊற்றுவது, குறிப்பாகப் பலனாப்சிஸ் வகைக்கு, வேரழுகலை வரவழைக்கும். அழுகிய வேர்களை வெட்டிய இடங்களும் மாற்றும்போது ஒடிந்த இடங்களும் காய்ந்து ஆறுவதற்கு முன் ஈரம் பட்டால், பூஞ்சையும் பாக்டீரியாவும் அவற்றின் வழியே எளிதில் நுழைந்துவிடும். ஆகவே, மண்ணுக்குப் பதிலாகத் தொட்டியில் நிரப்பும் மரப்பட்டைத் துண்டுகளை முதல்நாள் இரவே ஊறவைத்து வடித்துப் பயன்படுத்திவிட்டு, ஏறத்தாழ ஒரு வாரம் வேருக்குத் தண்ணீர் விடாமல், செடியை நிழலில் வைத்து, காலையில் இலைகளின் மீது மட்டும் மெல்லிய தூறலாகத் தெளித்தால் போதும்.

அதன்பின் நாட்காட்டியைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. மொரீசியசில் மழையும் மூட்டமும் மிகுந்த கியூர்பைப் மேட்டுநிலத்தில் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும் தொட்டி, வெயில் காயும் போர்ட் லூயிஸ் பால்கனியில் விரைவில் உலர்ந்துவிடும். வேரின் நிறமே சரியான அளவுகோல்: பச்சையாக இருந்தால் ஈரம் உள்ளது, வெள்ளி கலந்த சாம்பல் நிறமானால் தண்ணீர் தேவை. தொட்டியின் அடித்துளைகள் வழியே வழிந்தோடும்படி காலையில் ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிட வேண்டும். இலைகளின் நடுக்குருத்தில் நிற்கும் நீரையும் துணியால் ஒற்றியெடுக்க வேண்டும். மரப்பட்டைக்குப் பதிலாக, ஈரத்தை நீண்ட நேரம் பிடித்துவைக்கும் ஸ்பாக்னம் பாசியில் நட்டவர்கள், தண்ணீர் ஊற்றுவதில் இன்னும் அதிக இடைவெளி விடலாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மழைக்காலத்தில் செடியைக் கூரைக்குள் கொண்டுவருவது நல்லது. உரத்தை, புதிய வேர்நுனிகள் தென்பட்ட பிறகே, மிகவும் நீர்த்துக் கொடுக்கலாம்.