கடையில் அடித்துப் பார்த்தால் எல்லா மணியும் நன்றாகத்தான் கேட்கும்

சைக்கிள் கடையில் மணி வாங்கப் போகும் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம். மேசைமேல் எடுத்துப் போடும் நாலைந்தைக் காதருகே வைத்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்க்கிறோம். எது பலமாக ஒலிக்கிறதோ அதற்குக் காசு கொடுத்துவிட்டு வருகிறோம். ஆனால் அந்த மணி கேட்க வேண்டிய காது வேறொருவருடையது. அவர் பத்து, பதினைந்து மீட்டர் முன்னால் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துபோகிறார்.

மணிக்குப் பதிலாக விற்கும் பேட்டரி ஹாரனின் பெட்டியின்மேல் 110 டெசிபல், 120 டெசிபல் என்று அச்சிட்டிருப்பதில் மயங்குவதும் இதே வகைத் தவறுதான். எவ்வளவு தூரத்தில் வைத்து அளந்தார்கள் என்று சொல்லாத டெசிபல், ஊர் பெயர் எழுதாத பஸ் டிக்கெட் மாதிரி. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 100 டெசிபல் காட்டும் ஹாரன், 16 மீட்டரில் 76க்கு இறங்கிவிடும். அந்த 100ஐயே 10 செ.மீ. தூரத்தில் அளந்திருந்தால் ஒரு மீட்டரிலேயே 80தான் மிஞ்சும். முழுச் சத்தத்தையும் தினமும் வாங்கிக்கொள்வது ஓட்டுகிறவரின் காது.

பலத்தைவிடச் சுருதி முக்கியம். வயது ஏற ஏறக் காது முதலில் இழப்பது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை. கைப்பிடிக்கு அழகாக இருக்கிறதே என்று வாங்கும் குட்டி மணிகள் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் ஒலிக்கின்றன. காலை நடைக்கு வரும் தாத்தாவுக்கு அது கேட்காமல் போவதில் வியப்பில்லை. அவர் வேண்டுமென்றே வழிவிடாமல் நடக்கிறார் என்று நாம் முணுமுணுப்பதுதான் அநியாயம். மணியின் கிண்ணம் சற்றுப் பெரிதாக இருந்தால் சுருதி இறங்கும், கனமாகவும் இருந்தால் ஒலி நீண்டு நிற்கும். பித்தளைக் கிண்ணத்தை ஒருமுறை தட்டினால் ரீங்காரம் சில நொடிகள் தொடரும். மெல்லிய அலுமினியம் ‘டிக்’கென்று முடித்துக்கொள்ளும். பழைய கறுப்பு சைக்கிள்களில் வரும் பெரிய மணியை நான் இன்னும் மதிப்பதற்குக் காரணம் பழம்பாசம் மட்டுமில்லை. நெம்புகோலை அழுத்தினால் உள்ளே பல்சக்கரங்கள் சுழன்று, தளர்வாகக் கோத்த வட்டத் தகடுகள் கிண்ணத்தை மாறி மாறி அடிக்கும். ஒரே அழுத்தில் பல அடிகள்.

நானும் ஒருமுறை பேட்டரி ஹாரன் வாங்கியவன்தான். ஆறு விதச் சத்தம், அதில் ஒன்று போலீஸ் சைரன். இரண்டாம் நாளே எங்கள் தெரு முனையில் காய்கறிப் பையோடு போன ஓர் அம்மாவின் பின்னால் அதை அழுத்தினேன். அவர் லாரி வருகிறது என்று நினைத்து, ஒதுங்குவதற்குப் பதிலாக நேரே என் சக்கரத்தின் முன்னால் பாய்ந்தார். தக்காளியோடு போயிற்று, அவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கிணிகிணி என்ற சத்தம் ‘சைக்கிள் வருகிறது, மெதுவாகத்தான் வருகிறது’ என்ற செய்தியையும் சேர்த்தே சொல்கிறது. மோட்டார் ஹாரனைப் போலக் கத்தும் கருவி பொய்ச் செய்தி சொல்கிறது. ஜெர்மனியில் சைக்கிளுக்குத் தெளிவாக ஒலிக்கும் மணி கட்டாயம். வேறு ஒலிக்கருவி எதையும் பொருத்தச் சட்டம் அனுமதிப்பதில்லை. கண்டிப்பு கொஞ்சம் அதிகம்தான், ஆனால் காரணம் புரிகிறது.

கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏ.சி. போட்டிருக்கும் காருக்கும், ஹெல்மெட் அணிந்தவருக்கும் கேட்கிற அளவுக்கு வேண்டும் என்று சிலர் தேடுகிறார்கள். அங்கே காப்பாற்றுவது பிரேக்தான். மணி பாதசாரிகளுக்கும் மற்ற சைக்கிள்காரர்களுக்கும் உரியது.

பந்து ஹாரனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீன்காரர் கையில் அந்த ‘பாம் பாம்’ எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! ஆனால் அவர் அதை அழுத்துவது வீட்டுக்குள் இருப்பவர்களை வாசலுக்கு வரவழைக்க. வழியில் நிற்பவர்களை விலக்க அன்று. ரப்பர் பந்தைப் பிதுக்க முழுக் கையும் வேண்டும், அதாவது பிரேக்கை விட வேண்டும். நம் வெயிலில் ரப்பர் சீக்கிரமே வெடித்தும் போகும்.

கை எங்கே இருக்கிறது என்பதைக் கடையில் யாரும் கேட்பதில்லை. விரல்கள் பிரேக்கின்மேல் இருக்கும்போதே கட்டைவிரல் எட்ட வேண்டும். எட்டி அடிக்க வேண்டிய இடத்தில் இருக்கும் மணி அவசரத்துக்கு உதவாது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் நொடிக்கு நாலு மீட்டர் கடக்கிறீர்கள். கையை நகர்த்தித் தேடும் ஒரு நொடியில் ஓர் ஆட்டோவின் நீளத்தைவிட அதிகம் போய்விடும். நான் இடப்பக்கம்தான் மாட்டுவேன்: வலப்பக்கம் திரும்பும்போது வலது கை சைகை காட்டப் போய்விடும், கியர் சைக்கிளில் அடிக்கடி தொடும் கியரும் வலப்பக்கம்தான். சில மணிகளின் நெம்புகோல் ஒரு பக்கத்துக்கென்றே அமைந்தது. வாங்கும்முன் எந்தக் கைக்கு என்று பாருங்கள்.

அளவும் உண்டு. சாதாரணக் கைப்பிடியின் குழாய், பிடி மாட்டும் இடத்தில் 22.2 மி.மீ. விட்டமிருக்கும். புதிய மாடல்கள் பலவற்றில் நடுப்பகுதி 31.8 மி.மீ. வரை பருத்திருக்கும், சின்ன வளையத்தை அங்கே திருகி நெரித்தால் திருகுதான் உடையும். வளையம் தளர்வாக இருந்தால் பழைய ட்யூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றினால் போதும்.

நல்ல மணி வாங்கியும் ‘தட் தட்’ என்று செத்த சத்தம் வருகிறதா? கிண்ணம் பிரேக் கம்பியையோ கேபிளையோ தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு விரல் இடைவெளி விட்டு மாட்டுங்கள். கிண்ணம் மேலே பார்த்து மல்லாந்திருந்தால் மழைநீர் தேங்கும். கடலோர ஊர்களில் முலாம் பூசிய இரும்பு நிலைக்காது. பல்சக்கரத்துக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம். விரலால் இழுத்து விட்டால் ஸ்பிரிங்கில் ஆடும் சின்னச் சுத்தியல் கிண்ணத்தை அடிக்கும் வகையைத் தேர்ந்தால் கையில் வைத்து உலுக்கிப் பாருங்கள். உலுக்கும்போதே ஒலித்தால், நம் சாலைப் பள்ளங்களில் அது வாய் ஓயாது.

வாங்கும் நாளில் மணியைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு, தெருவின் எதிர்ப்பக்கம் போய் முதுகைத் திருப்பி நின்று, அடிக்கச் சொல்லுங்கள். இரைச்சல் இருக்கும் மாலை நேரமாக இருந்தால் இன்னும் நல்லது. நான் அப்படி நின்றபோது கடைப் பையன் சிரித்தான். நாலு மணிகளில் மூன்று எனக்குக் கேட்கவே இல்லை.