ஆன்டிவைரஸ் போடுறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவ பாத்துடுங்க

ஆன்டிவைரஸ் மத்த சாஃப்ட்வேர் மாதிரி இல்லங்க, வைரஸ புடிக்கணும்னா அது விண்டோஸோட கெர்னல் (எல்லாத்தையும் கட்டுப்படுத்துற உள் மையம்) வரைக்கும் போயாகணும், அதாவது உங்க ஃபைல், நீங்க திறக்குற சைட், மெயில் அட்டாச்மென்ட் எல்லாமே அதோட கண்ணுல படும், வீட்டுச் சாவிய மொத்தமா ஒருத்தர் கைல குடுக்குற மாதிரிதான். 2024 ஜூலை 19ல கிரவுட்ஸ்டிரைக்ங்கிற செக்யூரிட்டி கம்பெனியோட ஒரே ஒரு தப்பான அப்டேட்டால சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீல ஸ்க்ரீன் ஆகி ஏர்போர்ட்டு, ஆஸ்பத்திரின்னு எல்லாம் ஸ்தம்பிச்சுது. அது தெரியாம நடந்த தப்பு. ஆனா அவாஸ்ட்ங்கிற ஆன்டிவைரஸ் கம்பெனி, ஜம்ப்ஷாட்ங்கிற தன்னோட இன்னொரு கம்பெனி வழியா யூசருங்களோட பிரவுசிங் விவரத்த வித்ததுக்கு 2024ல அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன் 1.65 கோடி டாலர் கட்டச் சொல்லுச்சு, எனக்கு இதுதான் ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

வீட்டு கம்ப்யூட்டர்னா விண்டோஸ் 10, 11 கூடவே வர்ற டிஃபெண்டர்ங்கிற ஆன்டிவைரஸ் போதும்னுதான் நான் சொல்லுவேன். வேற ஆன்டிவைரஸ் போட்டா டிஃபெண்டர் தானா ஒதுங்கிக்கும், அந்த வேற ஆன்டிவைரஸ எடுத்துட்டா திரும்ப வந்துடும்.

வேற ஒண்ணு போட்டே ஆகணும்னா செட்டிங்ஸ்ல டேட்டா ஷேரிங்க ஆஃப் பண்ணுங்க. அப்புறம் பேங்க் சைட்ல அட்ரஸ் பக்கத்துல இருக்குற ஐகான அமுக்கி சர்டிஃபிகேட் (அது அசல் சைட்டுதான்னு காட்டுற சான்று) யார் குடுத்ததுன்னு பாருங்க, அங்க ஆன்டிவைரஸ் பேர் இருந்துச்சுன்னா நடுவுல உக்காந்து அது படிக்குதுன்னு அர்த்தம், ஆன்டிவைரஸ் செட்டிங்ஸ்ல ஹெச்டிடிபிஎஸ் ஸ்கேனிங்க (பூட்டி வர்ற சைட் விவரத்த நடுவுல பிரிச்சுப் பாக்குறத) நிறுத்திடுங்க. கிராக் பண்ண ஆன்டிவைரஸ் மட்டும் தயவுசெஞ்சு வேணாம்.